கைப்பழக்கம் மட்டும் போதாது

மாரி மழைக்குப் பின் விதைப்புக்கு நிலம் பதமாகிவிட்டதா என்று பார்க்க, தகப்பன் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிசைகிறார். "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு விதைப்போம்" என்கிறார். "எப்படித் தெரியும் ஐயா?" என்று மகன் கேட்கிறான். "பிடித்துப் பார்த்தால் தெரியும்" என்பதே பதில். மகன் அன்று ஒன்றும் கற்கவில்லை. தகப்பனுக்கு அறிவு இல்லை என்பதல்ல இதன் பொருள். நாற்பது ஆண்டுகளாகக் கையில் ஊறிப்போன அறிவைச் சொல்லாக்கிக் கொடுக்க அவருக்கு ஒருவரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

கமத்தொழிலில் இதனால் ஏற்படும் நட்டம் ஒரு போகத்தின் நட்டம். மகன் ஒருமுறை பிழைவிட்டு, மறுமுறை திருந்திக்கொள்வான். ஆனால் நோயாளியைப் பார்க்கின்ற தொழிலில் பழகுபவன் விடும் பிழை யார் தலையில் விழுகின்றது? எமது தாயின், எமது பிள்ளையின் தலையில் விழுகின்றது. எனவேதான் அனுபவம் மிக்க துணை மருத்துவ ஊழியர்களுக்கு, மாணவரைப் பழக்குவது எப்படி என்பதிலும் முறையான பயிற்சி கொடுக்கப்பட வேண்டும் என்ற கருத்தை இங்கு முன்வைக்கின்றேன். இது வைத்தியர்களும் அதிகாரிகளும் மட்டும் பேசித் தீர்க்கவேண்டிய விடயம் அன்று. வீடிழந்து, நிலமிழந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு வெகுதூரத்தில் வாழ்கின்ற எமக்கும் இதில் நேரடியான பங்கு உண்டு.

யார் இந்தத் துணை மருத்துவ ஊழியர்?

வைத்தியரிடம் போய்ச் சேருமுன் நோயாளியின் உயிரைக் காத்துக்கொண்டு வருபவர்களையே பல நாடுகளில் 'பராமெடிக்' என்று அழைக்கின்றார்கள். எமது நாட்டில் இந்தச் சேவை அண்மைக் காலத்திலேயே பரவலாக வந்தது. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் '1990 சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை ஆரம்பமானது. 2018 ஜூலையில் அது வடக்கிற்கும் வந்து, பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. அந்த வண்டியில் சாரதி ஒருவரும் அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரும் வருகின்றார்கள். முதலில் சேர்ந்தவர்கள் ஹைதராபாத் சென்று பயிற்சி பெற்றுவந்தார்கள்.

இவர்களுக்கு முன்னரும் எமக்குத் துணை நின்றவர்கள் உண்டு. குடும்பநல மருத்துவமாதுகள், நாம் 'அப்போதிக்கரி ஐயா' என்று அழைத்த உதவி வைத்தியர்கள், தாதிமார், போர்க்காலத்தில் முகாம்களிலும் மரநிழல்களிலும் காயத்துக்கு மருந்து கட்டிய சுகாதாரத் தொண்டர்கள் எனப் பலர். வைத்தியர் வரமுடியாத இடங்களில் இவர்களே எமக்கு வைத்தியராக இருந்தார்கள் என்பதை எம்மில் எவரும் மறக்கமாட்டோம்.

வகுப்பறையில் ஒருவர் எவ்வளவு படித்தாலும், இந்தத் தொழிலின் முக்கியமான பகுதி நோயாளியின் பக்கத்திலேதான் பழகப்படுகின்றது. நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம் குறையாமல் அழுத்தவேண்டும் என்பதைப் பொம்மையில் பழகிவிடலாம். ஆனால் தறப்பாள் கொட்டிலுக்குள், குப்பி விளக்கு வெளிச்சத்தில், பாயில் கிடக்கும் மனிதனின் பக்கத்தில் மனைவி தலையிலடித்து அழுதுகொண்டிருக்கும்போது அதைச் செய்வது வேறு விடயம். அந்த வேளையில் மாணவனின் பக்கத்தில் நிற்கின்ற மூத்தவர் எப்படிப்பட்டவர் என்பதே அவன் எப்படிப்பட்ட ஊழியனாக வருவான் என்பதைத் தீர்மானிக்கின்றது.

'பார்த்தால் தெரியும்'

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இடம்பெயர்ந்தோர் முகாமில் நான் கண்டதைச் சொல்கின்றேன். விடியற்புறம் மூன்று மணியளவில் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுவலி என்றும் ஒருமுறை சத்தி எடுத்தாள் என்றும் சொன்னார்கள். முதல்நாள் நிவாரணப் பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பது தாயின் எண்ணம். அங்கே பழகிக்கொண்டிருந்த இளம் தொண்டர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உப்பும் சீனியும் கலந்த நீர் கரைக்கப் போனார். அப்போது எழும்பி வந்த முதிய உதவியாளர் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்த்தார். "உழவு இயந்திரத்தை எடுங்கோ, இது பாம்புக்கடி" என்றார். உடலில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரியாயிற்று. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபடியால் பிள்ளை தப்பிற்று.

மறுநாள் அந்த இளைஞர், "ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். "தம்பி, அது பார்த்தால் தெரியும்" என்று சொல்லிவிட்டு முதியவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்தது என்ன? தரையில் படுத்திருப்பவரை இரவில் தீண்டுகின்ற கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் நோவதில்லை. வீக்கம் இராது, பல் பட்ட அடையாளமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலியும் வாந்தியும் முதலில் வரக்கூடும். பிறகு கண்ணிமைகள் தாமாகச் சரியத் தொடங்கும். பேச்சுக் குழறும், விழுங்க முடியாது போகும், ஈற்றில் மூச்சு நின்றுவிடும். முதியவர் அந்தச் சிறுமியின் இமைகளைத்தான் பார்த்தார். 'இரவில் தரையில் படுத்த பிள்ளை வயிற்றுவலியென்று வந்தால் இமையைப் பார், மேலே பார்க்கச் சொல், மூச்சை எண்ணு' என்ற ஒரு வரியை அவர் சொல்லியிருந்தால், அந்த இளைஞருக்கு அது ஆயுள் முழுவதும் போதும். அவர் மறைக்கவில்லை. தாம் எதைப் பார்த்தோம் என்பதே அவருக்கு வேறாகப் பிரிந்து தெரியவில்லை. நெடுநாள் பழகிய கண்ணின் இயல்பு அது.

எமது ஊர்களில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த பரிகாரிமார் எத்தனை பேர் தமது அறிவை எவருக்கும் கொடாமலே கண்ணை மூடினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே கதி இந்தத் தொழிலுக்கும் வரவேண்டுமா?

கற்பிப்பதும் ஒரு தொழில்

கற்பிக்கும் பயிற்சி என்றவுடன் பெரிய பட்டமும் படிப்பும் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் அடிப்படைகள் எளிமையானவை.

முதலாவது, செய்முறை ஒன்றைக் காட்டும் ஒழுங்கு. றொட்னி பெய்ற்றன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் எழுதிய நான்கு படிகள் இன்று பல நாடுகளில் பாவிக்கப்படுகின்றன. முதற்படியில் ஆசிரியர் பேசாமல், வழமையான வேகத்தில் செய்து காட்டுகின்றார். இரண்டாம் படியில் ஒவ்வோர் அசைவையும் விளக்கிக்கொண்டே ஆறுதலாகச் செய்கின்றார். மூன்றாம் படியில் மாணவன் 'இனி இதைச் செய்யவேண்டும்' என்று வாயால் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கின்றார். நான்காம் படியில்தான் மாணவன் தானே சொல்லிச் செய்கின்றான். மூன்றாம் படியைக் கவனியுங்கள். மாணவனின் கை நோயாளியில் படுமுன்னரே அவன் மனத்திலுள்ள பிழை வெளியே வந்துவிடுகின்றது. மருத்துவ உலகில் 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்றொரு பழைய பேச்சு உண்டு. அந்த அவசரத்துக்கு இது நல்ல மாற்று.

இரண்டாவது, திருத்தும் முறை. நோயாளிக்கு முன்னால் மாணவனைத் திட்டினால் மாணவன் மட்டும் கூனிக்குறுகுவதில்லை. நோயாளியின் நம்பிக்கையும் போய்விடும். ஆபத்து இருந்தால் உடனே தடுக்கவேண்டும். இல்லையேல் வேலை முடிந்தபின் தனியாக அழைத்து, முதலில் அவனே என்ன நினைக்கிறான் என்று கேட்டு, பின் ஒன்றிரண்டு விடயங்களை மட்டும் சொல்லித் திருத்தவேண்டும். பத்துப் பிழையை ஒன்றாகச் சொன்னால் ஒன்றும் மனத்தில் நில்லாது.

மூன்றாவது, எப்போது கையை விடுவது, எப்போது வாங்கிக்கொள்வது என்ற அறிவு. சைக்கிள் பழக்கும் தகப்பன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடுவார். பிடியை விட்டுவிட்டாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே வருவார். மாணவனிடம் எந்த வேலையை முழுதாகக் கொடுக்கலாம், எதைப் பக்கத்தில் நின்று கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதை மூத்தவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உதவிக்கு நாலுபேர் நிற்பார்கள். ஓடுகின்ற வண்டியின் பின்புறத்திலோ மூத்தவர் ஒருவரே. நோயாளியையும் மாணவனையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் கலை தானாக வந்துவிடாது.

நான்காவது, மனச்சுமையைப் பகிர்தல். மாணவன் காணும் முதல் மரணம் அவனை உலுக்கிவிடும். அன்று மூத்தவர் ஒரு தேத்தண்ணியை வாங்கிக் கொடுத்து அவனோடு பத்து நிமிடம் கதைப்பாரா, அல்லது "இதெல்லாம் பழகிவிடும்" என்று போய்விடுவாரா? பலர் இத்தொழிலைவிட்டு விலகுவதும், நிலைப்பவர்களில் சிலர் மரத்துப்போவதும் இங்கேதான் தொடங்குகின்றன.

பிறர் செய்து காட்டியவை

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடினார்கள். அப்போது இங்கிலாந்தில் மேற்படிப்பை விட்டுவந்த டாக்டர் சபருல்லா சௌத்ரியும் டாக்டர் எம். ஏ. மொபினும் திரிபுராவின் மேலாகரில் மூங்கிலால் ஒரு கள ஆஸ்பத்திரியை எழுப்பினார்கள். அதில் 480 கட்டில்கள் இருந்தன. பயிற்சி பெற்ற தாதியர் போதாமையால், முன்பின் இத்தொழிலை அறியாத இளம் பெண்களைக் கட்டிலருகே வைத்தே பழக்கினார்கள். அந்தப் படிப்பினையில் இருந்துதான் 1972இல் டாக்காவுக்கு அருகே சாவாரில் 'கணசுவாஸ்திய கேந்திரா' என்ற மக்கள் சுகாதார நிலையம் பிறந்தது. அங்கு பயின்ற பெண் ஊழியர்கள் சைக்கிளில் ஊரூராகச் சென்றபோது ஊரே வியந்து பார்த்தது. இப்படிப் பயிற்றப்பட்டவர்கள் செய்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைகளின் நல்ல பெறுபேறுகள் 1975இல் 'லான்செட்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. டாக்டர் சௌத்ரி 2023 ஏப்ரலில் காலமானார். அகதி முகாமில் தொடங்கிய ஒரு பழக்கும் முறை அவர் காலத்துக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றது. இது எமக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. முறையாகப் பழக்குபவர் இருந்தால் கிராமத்துப் பிள்ளைகளின் கைகளும் நம்பத்தக்க கைகளாகும்.

மறுபுறம் வசதிமிக்க பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கு பராமெடிக் தொழில் 2000ஆம் ஆண்டில் சட்டப் பதிவுக்கு உட்பட்டது. 2021 செப்டெம்பர் முதல் அத்தொழிலில் புதிதாகச் சேர்வதற்கான பாடநெறி பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பட்டப்படிப்பானாலும் மாணவர்கள் அம்புலன்சில் மூத்த ஊழியரோடு சென்றே தொழிலைப் பழகவேண்டும். அப்படிப் பழக்குபவர்கள் தொழிலறிவும் அனுபவமும் உடையவர்களாக இருந்தால் மட்டும் போதாது, கற்பிக்கும் பணிக்கேற்ற பயிற்சியையும் அவர்கள் ஒழுங்காகப் பெற்றுவர வேண்டும் என்பது அங்குள்ள விதி. மூங்கில் கொட்டிலிலும் பல்கலைக்கழகத்திலும் ஒரே உண்மையைத்தான் கண்டிருக்கின்றார்கள்.

மறுப்புகள் சில

"ஆள் இல்லை, நேரம் இல்லை, இதற்குள் கற்பிக்கவும் வேண்டுமா?" என்று மூத்த ஊழியர்கள் கேட்பது நியாயமே. மாணவனை ஒரு மேலதிகக் கையாக எண்ணி, 'ஆள் தந்துவிட்டோம்' என்று கணக்குக் காட்டினால் மூத்தவரும் களைப்பார், மாணவனும் கெடுவான். கற்பிக்கும் நாளில் வேலைப்பளு குறைக்கப்பட வேண்டும், கற்பிப்பதற்கு ஒரு படியும் பதவி உயர்வில் ஒரு மதிப்பும் கொடுக்கப்பட வேண்டும். ஆள் பற்றாக்குறை கற்பிப்பதைக் கைவிட நியாயமாகாது. பழக்கப்படாமல் வேலைக்கு வரும் இளைஞர் விரைவில் விட்டு ஓடுவதனாலும் அந்தப் பற்றாக்குறை பெருகுகின்றது. விதைநெல்லைச் சமைத்து உண்டுவிட்டு அடுத்த போகத்துக்கு என்ன செய்வது?

"நாங்கள் அடியும் திட்டும் வாங்கித்தான் பழகினோம், கெட்டா போனோம்?" என்று இன்னொரு சாரார் கேட்பார்கள். திட்டு வாங்கியும் பழகியவர்கள்தான் இன்று எஞ்சி நிற்கின்றார்கள். திட்டுக்கு அஞ்சி, தெரியாததைக் கேட்காமல் மறைத்தவர்களின் பிழைகளை யார் எண்ணினார்கள்? பயந்த மாணவன் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லமாட்டான். அந்த மௌனம் நோயாளிக்கு ஆபத்து.

மூன்றாவது கேள்வி எம்முடையது. அதுவே மிகவும் கனமானது. "பணக்காரர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகின்றார்கள். இருக்க ஒரு துண்டு நிலமில்லாத எங்களில்தானா இவர்கள் கை பழகவேண்டும்?" இந்தக் கோபம் நியாயமானது. முகாம் வாழ்க்கையில் எம்மை எத்தனை பேர் எண்ணிக்கையாகவும் பரிசோதனைப் பொருளாகவும் பார்த்திருக்கின்றார்கள். ஆயினும் மாணவரை எம்மிடம் வரவிடாமல் தடுப்பது இதற்குத் தீர்வாகாது. நகரத்தில் மட்டும் பழகியவர் எமது ஊருக்கு வரும்போது எமது பேச்சே அவருக்கு விளங்காது. 'நெஞ்சுக்குள்ளே அடைக்குது', 'வயிறு உழையுது', 'கைகால் விறைக்குது' என்று எமது ஆச்சிமார் சொல்வதன் பொருளை எமது கொட்டில்களில்தான் கற்கவேண்டும். நாம் கேட்கவேண்டியது தகுதியான மேற்பார்வை. பயிற்சி பெற்ற மூத்தவரின் கண்பார்வையில், எமது சம்மதத்தோடு மாணவர் பழகினால், இரண்டு சோடிக் கண்கள் எம்மைப் பார்க்கின்றன. அது எமக்கும் நன்மையே.

செய்யவேண்டியவை

சுகாதாரப் பகுதியினரும் பயிற்சி நிறுவனங்களும் கவனிக்கவேண்டியவை சில. சேவைமூப்பை மட்டும் பார்த்து ஒருவரைக் கற்பிக்க நியமிக்கக்கூடாது. பொறுமையும் விருப்பமும் உள்ளவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவருக்குச் சில நாட் பயிற்சி கொடுத்து, அவர் கற்பிப்பதை வேறொருவர் அருகிருந்து பார்த்துத் திருத்த வேண்டும். மாணவர் எதை எத்தனை தடவை, யாருடைய மேற்பார்வையில் செய்தார் என்பதற்கு ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கவேண்டும். தமிழ் ஊர்களில் பழகுபவருக்குத் தமிழறிந்த மூத்தவர் வேண்டும். மேலும், போர்க்காலத்தில் ஒரு சான்றிதழும் இல்லாமல் ஆண்டுக்கணக்காகப் பணிசெய்த தொண்டர்கள் இன்னும் எம்மிடையே வாழ்கின்றார்கள். அவர்களுக்குச் சிகிச்சை செய்ய அதிகாரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்தும் வாகனமும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் எப்படி நிதானம் காத்தோம் என்பதை மாணவருக்குச் சொல்ல அவர்களை அழையுங்கள். அந்த அறிவு அவர்களோடு மண்ணுக்குள் போகக்கூடாது.

நாமும் வெறுமனே பார்த்திருக்க முடியாது. மாணவர் ஒருவர் எமது உறவினரைப் பார்க்க வந்தால், "தம்பி, உங்களோடு நிற்கும் பெரியவர் யார்?" என்று மரியாதையாகக் கேட்க எமக்கு உரிமை உண்டு. விருப்பமில்லையேல் மறுக்கவும் உரிமை உண்டு. நன்றாகக் கவனித்தால், "நல்லாய்ப் பார்த்தீர்கள் தங்கச்சி" என்று மூத்தவரின் காதில் விழச் சொல்லுங்கள். பிழை கண்டால் கூச்சல் போடாமல் மூத்தவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடும்போது, 'எமது பகுதிக்கு வரும் மாணவரை யார் பழக்குகின்றார்? அவருக்கு அதற்கான பயிற்சி உண்டா?' என்ற கேள்வியை எழுப்பி, சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதுங்கள். சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் எமது பிள்ளைகளை இத்துறைக்குச் செல்லத் தூண்டுங்கள்.

அன்று முகாமில் தப்பிய அந்தச் சிறுமி இன்று ஒரு தாயாக இருக்கக்கூடும். அவளைக் காப்பாற்றிய முதியவர் இப்போது இல்லை. அவருடைய கண்ணில் இருந்த அறிவை வாங்கிக்கொள்ள ஒரு நல்ல மாணவன் அருகில் நின்றான், ஆனால் கொடுக்கும் வழியை அவருக்கு எவரும் காட்டவில்லை. இனி ஒரு விடியற்காலையில் எமது கொட்டில் வாசலுக்கு ஒரு பிள்ளை தூக்கிவரப்படும்போது, அங்கு நிற்கும் இளைஞர் முதலில் இமையைப் பார்ப்பவராக இருக்கவேண்டும். அதற்கு இன்றே அவருடைய ஆசானைப் பழக்கத் தொடங்குவோம்.